ஒரு டெஸ்ட் கேஸ் இன்னொரு டெஸ்ட் கேஸைக் கூப்பிடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு சின்ன நிறுவனம், மூன்று மென்பொருள். நகை அடகுக் கடைகளுக்கு ஒன்று. பழைய செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக மாற்றியவர்களுக்கு அறை முன்பதிவு ஒன்று. கண்டாங்கிச் சேலையும் பலகாரமும் விற்கிற கடைகளுக்கு பில்லிங் ஒன்று. மூன்றிலும் லாகின் உண்டு, வாடிக்கையாளர் பதிவு உண்டு, ரசீது உண்டு. அடகு மென்பொருளைத் தானாக ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் கேஸ்களில் முதலாவது லாகின் செய்கிறது. இரண்டாவது அதைக் கூப்பிட்டு, அதாவது தனக்குள்ளிருந்தே ஓட்டி, வாடிக்கையாளரைப் பதிகிறது. மூன்றாவது இரண்டாவதைக் கூப்பிட்டு நகையை அடகு வைக்கிறது. நகையைத் திருப்புகிற வரைக்கும் இப்படியே சங்கிலி போகிறது. லாகின் பக்கத்தில் ஒரு பட்டன் பெயர் மாறினால் ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு, எல்லா டெஸ்ட்டும் தோல்வி. இந்த நிலையில் மேனேஜர், "மூணுக்கும் பொதுவா ஒரு டெஸ்ட் ரெப்போ போட்டுரு" என்கிறார். அப்படி ஒரு ரெப்போ, அதாவது டெஸ்ட் ஃபைல்களைச் சேர்த்து வைக்கிற களஞ்சியம், போடலாமா, எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

போடலாம். ஆனால் டெஸ்ட் கேஸ்களை அதில் போடாதீர்கள்.

டெஸ்ட் கேஸை மறுபடி பயன்படுத்துவது என்று நாம் பேசும்போது மூன்று சங்கதிகள் ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன. ஒன்று, திரையில் ஓரிடத்துக்குப் போய்ச் சேருகிற வழி. இரண்டு, டெஸ்ட் தொடங்கும்போது இருக்க வேண்டிய நிலைமை. மூன்று, சரியா தவறா என்று சொல்லுகிற விதி. வழியைப் பொதுவாக்குவது எளிது, லாபம் சுமார்தான். நிலைமையைப் பொதுவாக்கினால் தலைவலி. விதியைப் பொதுவாக்குவதில்தான் உண்மையான பலன் இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலான டீம்கள் தொடுவதே இல்லை.

உங்கள் சங்கிலியை முதலில் பார்ப்போம். டெஸ்ட் கேஸ் என்பது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். 'திருப்பும்போது வட்டி சரியாக வருகிறதா' என்று கேட்ட டெஸ்ட், லாகின் பட்டன் கிடைக்கவில்லை என்பதற்காக விழுந்தால், கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் வட்டி தப்பு என்பது போலச் சிவப்பாக நிற்கும். விழுந்ததை மட்டும் மறுபடி ஓட்ட முடியாது, நாலு இயந்திரத்தில் பிரித்து ஓட்டவும் முடியாது. நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது.

டெஸ்ட்டை எழுதி ஓட்டுகிற கருவிகளுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. ரோபாட் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு டெஸ்ட் கேஸ் இன்னொன்றைக் கூப்பிட வழியே கிடையாது. பொதுவாகப் பகிர்கிற ரிசோர்ஸ் ஃபைலுக்குள் டெஸ்ட் கேஸ் எழுதவே விடாது, கீவேர்டுகள், அதாவது பெயர் வைத்த செயல் தொகுப்புகள், மட்டும்தான். கட்டலானில் டெஸ்ட் கேஸைக் கூப்பிடத் தனிக் கட்டளையே இருக்கிறது. பழைய க்யூடிபியில், பிறகு யூஎஃப்டி ஆனதே, அதில், வேறொரு டெஸ்ட்டில் உள்ள ஆக்‌ஷனை இரண்டு விதமாகக் கொண்டுவரலாம்: இருப்பதை அப்படியே கூப்பிடலாம், அல்லது நகல் எடுத்துக்கொள்ளலாம். அப்படியே கூப்பிட்டால் கூப்பிட்ட இடத்தில் அதைத் திருத்த முடியாது, நகல் எடுத்தால் திருத்தலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் அவசரத்துக்கு நகலை எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எது மூலம் எது நகல் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கருவி அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. கட்டலான் பயன்படுத்தினாலும், கூப்பிடப்படுவது சோதனை எதுவும் செய்யாத வெறும் செயல் தொகுப்பாக இருக்கட்டும்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாகின் திரையைச் சோதிக்க இரண்டு மூன்று டெஸ்ட் போதும். மற்ற எல்லா டெஸ்ட்டும் லாகின் திரையைப் பார்க்கவே கூடாது. பிளேரைட் என்ற பிரவுசர் சோதனைக் கருவியில் ஒரு முறை உள்ளே நுழைந்து, அந்த நுழைவைப் பிரவுசர் நினைவில் வைக்கிற குக்கியையும் லோக்கல் ஸ்டோரேஜையும் ஃபைலில் சேமித்து, மற்ற டெஸ்ட்களை அந்த நிலையிலிருந்தே தொடங்கலாம். சைப்ரஸிலும் செஷனைச் சேமித்து மீட்டெடுக்கிற கட்டளை இருக்கிறது. செலினியம் என்றால் ஏபிஐ வழியாக, அதாவது திரையைத் தொடாமல் மென்பொருளோடு நேரே பேசுகிற வழியில், டோக்கன் (நுழைவு அடையாளம்) வாங்கிக் குக்கியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்த அன்றைக்கே உங்கள் ரிப்போர்ட்டின் சிவப்பில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

மற்ற திரை வேலைகளைக் கீவேர்டாக எழுதும்போது கடைக்காரர் பேசுகிற பேச்சில் பெயர் வையுங்கள். 'மூன்றாவது பட்டனை அழுத்து' என்று வைக்காமல் 'நகையை அடகு வை', 'பாதி வட்டி கட்டு', 'நகையைத் திருப்பு' என்று வையுங்கள். ரோபாட் ஃப்ரேம்வொர்க்கில் கீவேர்டு பெயர் தமிழிலேயே இருக்கலாம். குக்கும்பர் என்ற கருவியின் கெர்க்கின் மொழியிலும் தமிழ் உண்டு, அம்சம், பின்னணி, காட்சி என்று தமிழ்ச் சொற்களிலேயே எழுதலாம். அடகுக் கடைக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து படித்து "இது இப்படி இல்லையே" என்று சொல்ல முடிகிறது பாருங்கள், அதற்காகவே தமிழில் எழுதலாம்.

பொதுக் கீவேர்டுக்கு ஒரு நோய் வரும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'வாடிக்கையாளரைப் பதி' என்று ஒன்று எழுதுவீர்கள். விடுதிக்காரர் வெளிநாட்டு விருந்தாளிக்குப் பாஸ்போர்ட் எண் கேட்பார், ஒரு உள்ளீடு கூடும். அடகுக் கடைக்காரர் ஆதார் கேட்பார், இன்னொன்று கூடும். பலகாரக் கடைக்குப் பெயரும் போன் எண்ணும் போதும், அதற்காக 'சுருக்கமாகவா' என்று ஒரு கொடி. கடைசியில் ஒரு கீவேர்டுக்குள் ஏழெட்டு 'இருந்தால்' வந்துவிடும், அதைச் சோதிக்கத் தனி டெஸ்ட் வேண்டியிருக்கும். கீவேர்டுக்குள் 'எந்த மென்பொருள்' என்று கேட்கிற வரி வந்த அன்றே அதை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒரே மாதிரி நாலு வரி மூன்று இடத்தில் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது நிலைமை. பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில், கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்கு வேண்டிய நிலைமையைத் தயார் செய்கிற ஃபங்ஷன்) எழுதினால் அந்த அடைவில் உள்ள எல்லா டெஸ்ட்டுக்கும் அது கிடைக்கும். இயல்பாக ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிதாக ஓடும். நேரம் மிச்சம் என்று அதன் எல்லையை முழு ஓட்டத்துக்கும் விரிக்கிற ஆசை வரும். ஒரே வாடிக்கையாளர், அவர் பேரில் ஓர் அடகுச் சீட்டு, எல்லா டெஸ்ட்டும் அதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு ஒரு டெஸ்ட் நகையைத் திருப்பிவிடும். அடுத்த டெஸ்ட் அந்தச் சீட்டுக்கு வட்டி கட்டப் போய் 'கணக்கு முடிந்தது' என்று விழும். தனியாக ஓட்டினால் பச்சை, சேர்த்து ஓட்டினால் சிவப்பு. இந்த மாதிரிப் பிழையைத் தேடுவதில் போகிற நேரம், ஃபிக்ஸ்சரில் மிச்சம் பிடித்த நேரத்தைவிடப் பல மடங்கு.

படிக்க மட்டும் பயன்படுகிறதைப் பொதுவில் வைக்கலாம்: கிளைகளின் பட்டியல், வரி அட்டவணை, அறை வகைகள். மாற்றப்படக்கூடிய எதையும் அந்தந்த டெஸ்ட்டே ஏபிஐ வழியாகப் படைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பகிர வேண்டியது சீட்டை அல்ல, 'இப்படி ஒரு சீட்டு கொடு' என்றால் புதிதாக ஒன்று கொடுக்கிற ஃபங்ஷனை. டெஸ்ட்கள் ஏற்கெனவே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க, பைடெஸ்ட்-ரேண்டம்லி என்ற துணைக்கருவி போட்டு வரிசையைக் கலைத்து ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்டிஸ்ட் போட்டு இணையாக ஓட்டினாலும் வெளிவரும். அதில் இணையாக ஓடுகிற ஒவ்வொரு வொர்க்கரும் முழு ஓட்டத்துக்கான ஃபிக்ஸ்சரைத் தனித்தனியாக ஒரு முறை ஓட்டும், எனவே 'ஒரே ஒரு முறைதான் படைக்கப்படும்' என்று நம்பி எழுதியவை அங்கே அகப்படும்.

இப்போது விதிக்கு வருகிறேன். நம் ஊரில் ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம். ஒன்றரை வட்டி என்றால் 18. அசல் 50,000, ஒன்றரை வட்டி, மாதம் 750. மூன்று மாதம் என்றால் 2,250, இதில் சண்டை இல்லை. மூன்று மாதமும் பத்து நாளும் ஆனால்? மிச்ச நாளை முழு மாதமாக எடுக்கிற கடையில் 3,000. பதினைந்து நாளுக்குள் இருந்தால் அரை மாதம் என்கிற கடையில் 2,625. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்து நாள் கணக்கில் போடுகிற கடையில் 2,500. மூன்றுமே உங்கள் மென்பொருளில் கடைக்காரர் தேர்ந்தெடுக்கிற செட்டிங்காக இருக்கும். இதைத்தான் ஓர் அட்டவணையாக்க வேண்டும்:

அசல் 50,000 | வட்டி 1.5 | 3 மாதம் 0 நாள் | எந்த முறையானாலும் | 2,250
அசல் 50,000 | வட்டி 1.5 | 3 மாதம் 10 நாள் | முழு மாதம் | 3,000
அசல் 50,000 | வட்டி 1.5 | 3 மாதம் 10 நாள் | அரை மாதம் | 2,625
அசல் 50,000 | வட்டி 1.5 | 3 மாதம் 10 நாள் | நாள் கணக்கு | 2,500

இதற்குக் கீழே 15ஆம் நாள், 16ஆம் நாள், அடகு வைத்த அன்றே திருப்புவது, பிப்ரவரி 29 என்று எல்லை வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். கமா போட்டுப் பிரித்த ஒரு சிஎஸ்வி ஃபைல் போதும். பைடெஸ்ட்டில் பாராமீட்ரைஸ், ஜாவாவுக்கான ஜேயூனிட் 5-ல் பாராமீட்டர் டெஸ்ட்டுக்கான சிஎஸ்வி வசதி, ரோபாட்டில் டெஸ்ட் டெம்ப்ளேட், கெர்க்கினில் எடுத்துக்காட்டுகள் அட்டவணை, எல்லாம் இந்த வேலைக்குத்தான் இருக்கின்றன. அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. வட்டிக் கணக்குச் செய்கிற ஃபங்ஷனுக்கு அட்டவணை முழுவதையும் ஓட்டுங்கள், நொடிகளில் முடியும். ஏபிஐக்கும் முழுவதையும் ஓட்டுங்கள். திரை வழியாக இரண்டு வரிசை மட்டும் போதும், எண் சரியாகக் காட்டப்படுகிறதா என்று பார்க்க. ஒரே விதி, மூன்று உயரத்தில் சோதனை, அட்டவணை ஒன்றே.

கடைசி நெடுவரிசையில் இருக்கிற விடையை யார் போடுகிறார் என்பதில் கறாராக இருங்கள். டெவலப்பர் எழுதிய அதே சூத்திரத்தை டெஸ்ட்டுக்குள் இன்னொரு முறை எழுதி விடையைக் கணக்கிட்டால், இருவரும் சேர்ந்து தப்புப் பண்ணினாலும் பச்சையாகத்தான் வரும். கடையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர் கையால் போட்ட கணக்காக இருக்கட்டும். பேரேடும் ஐந்தொகையும் போட்டுப் பழகிய ஊர் இது, கணக்கைச் சரிபார்த்துத் தர ஆள் கிடைக்காமல் போகாது.

விடுதிக்கும் பலகாரக் கடைக்கும் இதே பாடம் ஜிஎஸ்டியில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 12 சதவீதம் 5 ஆனது, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது என்ற நிபந்தனையோடு. அதற்கு மேல் வாடகை என்றால் 18தான். பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய கார வகைகளுக்கும் 12 போய் 5 வந்தது. ஐம்பது டெஸ்ட்டில் 'வாடகை 5,000, வரி 600' என்று கையால் எழுதி வைத்திருந்தவர்கள் ஐம்பதையும் திருத்தினார்கள். அட்டவணையில் வைத்திருந்தவர்களும், 'எந்தத் தேதியிலிருந்து' என்ற நெடுவரிசை இல்லையென்றால் இடறியிருப்பார்கள். 600 என்பதை 250 என்று மாற்றிவிட்டால் பழைய பில்லைத் திரும்பப் பெறும்போது போடுகிற கிரெடிட் நோட்டின் சோதனை போச்சு. செப்டம்பர் 21 தேதியிட்ட பில்லைத் திரும்பப் பெறும்போது பழைய 12தான் வர வேண்டும். எனவே பழைய வரிசையை அழிக்காதீர்கள், புதிய தேதியோடு இன்னொரு வரிசை சேருங்கள். 7,500க்கு வரி 375, 7,501க்கு 1,350.18. இந்த இரண்டு வரிசையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

விதி எண்களாக இல்லாமல் நடத்தையாக இருந்தால் அட்டவணை போதாது. உதாரணத்துக்கு ரசீது எண். ஜிஎஸ்டி விதி 46-ன்படி வரி பில்லின் எண் 16 எழுத்துக்கு மிகாமல், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும். விடுதி மென்பொருளும் கடை மென்பொருளும் எண் கொடுக்கிற முறை வேறு, கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று. இங்கேதான் முழு டெஸ்ட்டுகளையே பகிரலாம், 'எண் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் இதெல்லாம் நிற்க வேண்டும்' என்று. ஜேயூனிட் 5-ல் இன்டர்ஃபேஸுக்குள் டீஃபால்ட் மெத்தடாக டெஸ்ட் எழுதலாம், இரண்டு மென்பொருளின் டெஸ்ட் கிளாஸும் அதை ஏற்றுக்கொண்டு, தங்கள் எண் கொடுப்பானை மட்டும் தந்தால் போதும். ரூபி மொழிக்கான ஆர்ஸ்பெக்கில் ஷேர்டு எக்ஸாம்பிள்ஸ் இதற்கென்றே இருக்கிறது. ஒரே இடத்தில் இருமுறை சேர்ப்பதாக இருந்தால் 'பிஹேவ்ஸ் லைக்' வடிவத்தையே பயன்படுத்துங்கள், 'இன்க்ளூட்' வடிவத்தில் பின்னால் வருவது முன்னால் உள்ளதன் மதிப்புகளை மூடிவிடும். பைத்தான் யூனிட்டெஸ்ட்டில் பொது கிளாஸ் டெஸ்ட்கேஸிலிருந்து பிறந்தால் அதுவும் தனியாக ஓடி விழும். அதை வெறும் மிக்ஸினாக, அதாவது வேறு கிளாஸோடு சேர்த்தால் மட்டும் ஓடுகிற துண்டாக, வைத்துக்கொண்டு, கீழே உள்ள கிளாஸில் டெஸ்ட்கேஸைச் சேர்ப்பது வழக்கம்.

அடகுச் சீட்டு எண்ணையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அதுவும் தொடர் எண்தானே. சேர்க்காதீர்கள். கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, அடகுச் சீட்டு வரி பில்லும் அல்ல. அதை ஆள்வது 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டம். ஜிஎஸ்டி விதி நாளைக்கு மாறினால் அடகுச் சீட்டு மாறாது, அடகுச் சட்ட விதி மாறினால் விடுதி பில் மாறாது. எதைப் பகிர்வது எதை நகல் எடுப்பது என்று என்னைக் கேட்டால், தோற்றத்தைப் பார்க்க மாட்டேன். இந்த விதியை மாற்றுகிற கை எது என்று பார்ப்பேன். ஒரே கை என்றால் ஓரிடத்தில் வை, வேறு வேறு கை என்றால் தனித்தனியாக வை.

விதியைப் பகிர்வது உலக அளவில் நன்றாக நடக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் போட்டியாளர்கள், ஆனால் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் என்ற பொதுத் தொகுப்பைச் சேர்ந்தே வளர்க்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு டெஸ்ட்262 உண்டு. ஜேசன் ஸ்கீமா சோதனைத் தொகுப்பு வெறும் ஜேசன் ஃபைல்கள்தான்: இது ஸ்கீமா, இது தரவு, இது செல்லுமா செல்லாதா. எந்த மொழியில் எழுதிய நூலகமும் அதைப் படித்து ஓட்டிக்கொள்ளலாம். மூன்று மென்பொருளும் வேறு வேறு மொழியில் இருந்தால் உங்களுக்கும் இதே வடிவம்தான் பொருந்தும். நிரல் வேண்டாம், தரவு ஃபைல் மட்டும்.

அப்படி நீங்கள் முதலில் பகிரத் தகுந்த ஃபைல் ஒன்று உண்டு, வில்லங்கமான பெயர்கள். தமிழ் 'கொ' என்ற எழுத்தின் 'ொ' குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். ஒருவர் ஒரு விதமாகப் பதிந்த கொப்புடைநாயகியை இன்னொருவர் வேறு விதமாகத் தட்டித் தேடினால், இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாத (நார்மலைஸ் செய்யாத) மென்பொருளில் கிடைக்கமாட்டார். யூனிகோடு அமைப்பே இதற்கு ஒரு சோதனை ஃபைலை வெளியிடுகிறது. அடுத்தது நம் ஊர் தலைப்பெழுத்து. 'மு. சித. ராம. அழ. வள்ளியம்மை ஆச்சி' என்பதை, தலைப்பெழுத்துக்கு மூன்று இடம் ஒதுக்கிய கட்டத்தில் எப்படிப் போடுவது? சென்னையில் செய்த சோதனையில் இது வரவே வராது, காரைக்குடியில் முதல் நாளே வரும். இந்தப் பெயர்களுக்கு மூன்று மென்பொருளும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், எனவே பொதுவில் வைக்கலாம்.

ரெப்போ விஷயம். பொது ரெப்போவைப் பதிப்பு எண் போட்டு வெளியிடுங்கள், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய பதிப்பைக் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளட்டும். எப்போதும் கடைசியாக உள்ளதை எடு என்று விட்டால், விடுதி டீம் சேர்த்த ஒரு வரிசைக்கு அடகு டீமின் பைப்லைன் (சோதனையும் வெளியீடும் தானாக ஓடுகிற வரிசை) வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிற்கும். பொறுப்பாள் ஒருவர் பெயர் சொல்லி இருக்க வேண்டும். பொது என்றால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுவது டெஸ்ட்டிலும் நடக்கும். 

மேனேஜரிடம் ரெப்போ வேண்டாம் என்று சண்டை போட வேண்டாம். ரெப்போவில் முதல் மாதம் மூன்று ஃபைல் மட்டும் இருக்கும் என்று சொல்லுங்கள்: வரி அட்டவணை, ரசீது எண் விதி, பெயர்ப் பட்டியல். வட்டி அட்டவணை அடகு மென்பொருளோடு இருக்கட்டும், அது வேறு யாருக்கும் தேவையில்லை. சங்கிலியைக் கடைசியிலிருந்து அவிழ்த்து வாருங்கள். 'நகையைத் திருப்பு' டெஸ்ட்டுக்கு வேண்டிய வாடிக்கையாளரையும் சீட்டையும் ஏபிஐ வழியாக அதற்குள்ளேயே படைத்து, முந்தைய டெஸ்ட்டைக் கூப்பிடுகிற வரியை அழியுங்கள். பிறகு அதற்கு முந்தையது. முன்னாலிருந்து அவிழ்த்தால் பின்னால் உள்ளவை எல்லாம் வேலை முடிகிற வரை விழுந்தே கிடக்கும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு நாள் முடிவிலும் ரிப்போர்ட் ஓடுகிற நிலையிலேயே இருக்கும். உங்கள் ஏபிஐயில் பழைய தேதியிட்டுச் சீட்டுப் போட வழி இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே டெவலப்பரிடம் கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் மூன்று மாதம் பத்து நாள் வட்டியை ஏபிஐயிலோ திரையிலோ சோதிக்க முடியாது.